நாய்க்கும் ஸ்கேனா?



"நாய்க்கு சி.டி. ஸ்கேனா? மனுஷனே வரிசையில நிக்கிறான்!" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குட்டி எச்சில் வடியச் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன செய்கிறோம்? "வெறி புடிச்சிருச்சு" என்று கம்பைத் தூக்குகிறோம். வெறிநோய் ஆளைக் கொல்லும். சந்தேகம் வந்தால் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதே முறை. ஆனால், அது பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம்!

தாய் வயிற்றில் இருக்கும்போது கல்லீரலைத் தாண்டிச் செல்ல ஒரு 'பைபாஸ்' ரத்தக்குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது மூட வேண்டும். மூடாவிட்டாலோ, வேறொரு தவறான குழாய் உருவாகியிருந்தாலோ, குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலில் சுத்தமாகாமலே உடம்பில் கலக்கும். அம்மோனியா மூளையைத் தாக்கும். குட்டி வளராது, தின்றதும் தள்ளாடும், வலிப்பும் வரலாம்.

ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்பும். அல்ட்ராசவுண்டில் குடல் வாயு மறைத்துவிடலாம். சி.டி.யிலோ நாயை மயக்கி, அயோடின் மருந்தை ஏற்றி, அது குழாய்களில் ஓடும்போதே படம் எடுக்கிறார்கள். எங்கே பிரிகிறது, எங்கே சேருகிறது என்பது 'பைப்லைன் டிராயிங்' மாதிரி தெரிந்துவிடும்! கோளாறு கல்லீரலுக்கு வெளியே என்றால், கேசின் என்னும் பால்புரத வளையத்தை அந்தக் குழாயில் மாட்டலாம். அது ஈரத்தில் ஊதி, சில வாரங்களில் மெல்ல அடைக்கும். ஒரேயடியாக அடைத்தால் பிரஷர் ஏறி உயிருக்கே ஆபத்து.

இதில் நமக்கென்ன வேலை? சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல. லண்டன் ஃபாரடே ஹவுஸில் மின்னியல் படித்த டிப்ளமோக்காரர்! 1971-ல் முதல் நோயாளியைப் படமெடுத்தது அவர் கருவி. 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுழலும் அந்த மெஷினுக்குக் கரண்ட் கொடுப்பது நம் லேபில் பார்க்கும் அதே ஸ்லிப் ரிங்தான்.

மதுரையிலிருந்து வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். நோயாளிக் குட்டி அவ்வளவு தூரம் தாங்குமா? பெரிய மருத்துவமனைகள் புது மெஷின் வாங்கும்போது, நல்ல நிலையிலுள்ள பழையதை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொடுக்கட்டும். மனிதர் வரிசையும் நீளாது. அதை ஓடவைக்கும் கைகள் நம்முடையதாக இருக்கட்டும்.

வாயில்லா ஜீவனுக்கும் நம் ஸ்பேனர் உதவட்டுமே!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை