வாழைச்சேனை காகித ஆலை: திறந்தால் மட்டும் போதுமா?

2022 மார்ச் மாதத்தை நாம் இலகுவில் மறந்துவிட முடியாது. தாள் இறக்குமதி செய்ய டொலர் இல்லாததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. சில நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. இத்தனைக்கும் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் 1956 முதல் அரச காகித ஆலை ஒன்று இருக்கிறது.

ஆலை அங்கே அமைந்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கு நெல் விளையும் பூமி. வயலில் எரித்துவிடும் வைக்கோல் அங்கே காகிதமானது. தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பல அந்த ஆலையை நம்பி வாழ்ந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் வெளிநாட்டுத் தாள் சந்தையை நிறைத்தது. யுத்தமும் பழைய இயந்திரங்களும் சேர, உற்பத்தி முடங்கியது. அண்மைக் காலத்தில் கழிவுத்தாளைக் கொண்டு ஆலை மீண்டும் இயக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் திறப்பு விழா மட்டும் ஆலையைக் காப்பாற்றாது. கழிவுத்தாளை மீண்டும் மீண்டும் அரைக்கும்போது அதன் நார் குறுகி வலுவிழக்கும். அதில் அட்டைப்பெட்டிக்கான தாள் செய்வது எளிது. பரீட்சைக்குரிய வெள்ளைத்தாள் செய்வது கடினம். எனவே மூலப்பொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு, தொடர்ந்து வருமா என்பதே முதல் கேள்வி.

வைக்கோலுக்குத் திரும்பலாமே என்போர் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதனால் கூழ் காய்ச்சிய கறுப்பு நீரிலிருந்து இரசாயனங்களை மீட்பது சிரமம், செலவும் அதிகம். சுத்திகரிக்காமல் விட்டால் அந்த நீர் வாவியைத்தான் சேரும். வாவியில் வலை வீசுவோரும் நம்மவர்களே. ஒரு வீட்டில் அடுப்பெரிய இன்னொரு வீட்டின் அடுப்பு அணையக் கூடாது.

ஆகவே எமது மக்கள் பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டியது "ஆலை எப்போது திறக்கும்?" என்பதை மட்டுமல்ல. அரச அலுவலகங்களினதும் பாடசாலைகளினதும் பழைய தாள்கள் முறையாக ஆலைக்குச் செல்ல ஏற்பாடு உண்டா? கழிவுநீரைச் சுத்திகரிக்க நிதி ஒதுக்கப்பட்டதா? பிரதேச இளைஞர்களுக்கு இன வேறுபாடின்றி நிரந்தரத் தொழில் கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் திறக்கப்படும் ஆலை மீண்டும் மூடப்படும். அடுத்த நெருக்கடியிலும் நம் பிள்ளைகள் தாளுக்காகக் காத்திருப்பர்.