பட்டம் உண்டு, பத்திரம் எங்கே?

ஒருவர் கற்றவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் சான்று தருகிறது. ஆனால், அந்தச் சான்றிதழுக்கு உரியவர் இவரே என்பதற்குச் சான்று தருவது யார்? ஊவா மாகாணத் தோட்டப்புறங்களிலிருந்து கற்று உயர்ந்துவரும் எம் இளைஞர்களின் இடர்ப்பாடு இக்கேள்வியிலேதான் அடங்கியிருக்கிறது.

மேற்படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ கடல்கடந்து செல்லும் பட்டதாரி, தம் பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகப் பதிவாளரைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். பின்னர் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அதனை அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்கு மேலும் தம் நாட்டுத் தூதரகத்தின் முத்திரையைக் கேட்கும் நாடுகளும் உண்டு. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ பட்டம் பெற்று மீண்டவராயின், அப்பட்டம் ஏற்கத்தக்கதென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதமும் வேண்டும். இவ்வலுவலகங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் அயலிலும் இருக்கின்றன. பதுளையோ அங்கிருந்து ஏறக்குறைய 230 கிலோமீற்றர் தொலைவிலிருக்கிறது.

இவ்விதிகளை நாம் எதிர்க்கவில்லை. போலிச் சான்றிதழ்கள் மலிந்துவிட்ட உலகில் மெய்ச் சான்றிதழுக்கு மதிப்பளிப்பது பரிசோதனையே. பரிசோதனை கடுமையாக இருப்பது நேர்மையாகக் கற்றவனுக்கே பாதுகாப்பு. ஆனால், அக்கடுமை குற்றமற்றவனைத் தண்டிப்பதாக மாறலாகாது.

எம்மவரைத் தண்டிப்பது அவர்களுடைய பெயரே என்பதுதான் வேதனை! பிறப்புப் பதிவில் ஒரு பெயர்; தோட்டத்துச் செக்ரோலில் தந்தையின் பெயர் வேறொரு விதமாக; பாடசாலை இடாப்பில் மூன்றாவது எழுத்து; அடையாள அட்டையில் நான்காவது. தமிழ் தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியதை, இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றினார். முத்துலெட்சுமி ஒரு தாளில் முத்துலச்சுமியாகவும், மறுதாளில் வெறும் லெட்சுமியாகவும் ஆனாள். லயத்தில் வாழும்வரை இதனால் இடரில்லை. பட்டச் சான்றிதழைக் கையிலேந்தி அவள் அலுவலக வாயிலில் நிற்கும்போதுதான், “இம்மூவரில் நீ யார்?” என்ற கேள்வி எழுகிறது. அதற்குச் சத்தியக் கடதாசி, பெயர்த்திருத்தம், மீண்டும் பயணம், மீண்டும் செலவு! அந்தச் செலவுக்குப் பெற்றோர் கொழுந்து பறித்த கூலியும், வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் காய்கறித் தோட்டத்தின் விளைச்சலும் கரைகின்றன.

பத்திரம் இல்லாமையின் கொடுமையை மலையகம் முன்னரே அறியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. தொடர்ச்சியான வதிவுக்குத் தாளில் ஆதாரம் காட்டு என்றார்கள். தாளைத் தம் கையில் வைத்திருக்க வாய்ப்பே இல்லாதவர் என் செய்வர்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமைக் கதவு திறந்தது. ஆயினும், அக்காலத்துப் பதிவுகளின் பிழை பேரப்பிள்ளையின் பட்டத்தையும் தொடர்ந்து வருகிறது. போதாக்குறைக்கு, 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர்களோடும் லயங்களோடும் பத்திரங்களும் புதையுண்டன.

இன்று பதுளையிலேயே பல்கலைக்கழகம் உண்டு. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையே பட்டப் படிப்பாகப் போதிக்கிறது. கொழுந்து பறித்தவரின் பிள்ளை தேயிலையின் விஞ்ஞானத்தைக் கற்கும் காலம் வந்துவிட்டது. அப்பிள்ளையின் பெயரைப் பிழையின்றி எழுதும் காலம் இன்னும் வரவில்லையா?

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை மூன்று. யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை, திருகோணமலை, குருநாகல் ஆகிய ஊர்களில் கொன்சியூலர் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அவ்வரிசையில் பதுளையும் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அப்பிரகடனம் வர்த்தமானித் தாளோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பதிவாளர் மேசையிலும் தமிழறிந்த உத்தியோகத்தராக உருப்பெற வேண்டும். மூன்றாவதாக, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, ஹல்துமுல்லைத் தோட்டங்களுக்கு நடமாடும் சேவைகள் சென்று, பிறப்புப் பதிவுப் பிழைகளை அவ்விடத்திலேயே திருத்த வேண்டும். அரசின் எழுதுகோல் செய்த பிழைக்குக் குடிமகன் கட்டணம் செலுத்துவது எந்த நீதி?

எம்மவர் கடமையும் சிறிதன்று. பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்குமுன் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை இடாப்பையும் ஆசிரியர் ஒப்புநோக்கட்டும். அன்று திருத்தினால் ஒரு பயணம், பட்டம் பெற்றபின் திருத்தினால் பத்துப் பயணம். பதுளை, பண்டாரவளைச் சட்டத்தரணிகளும் சமாதான நீதவான்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கு ஒதுக்கட்டும். கற்று உயர்ந்தோர் தம் தோட்டத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் இதுவே. பெற்றோரும் மூலப் பத்திரங்களைக் கண்ட தரகரிடம் ஒப்படைக்காது, நகையைக் காப்பதுபோல் காக்கட்டும்.

உழைப்பால் இந்நாட்டை வளர்த்த மக்கள் சலுகை கேட்கவில்லை. தம் பிள்ளைகள் தம் சொந்தப் பெயரில் பட்டம் பெற்று வாழும் உரிமையையே கேட்கின்றனர். அவ்வுரிமை பதுளை நகரிலேயே, தமிழிலேயே, தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.