பெர்மிற் காணியும் கைக்கடிதமும்

ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்களுள் ஒருவராவது என்னிடம் ஒரு கடதாசியை நீட்டி, "இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்பது வழக்கமாகிவிட்டது. பத்திரிகைக்காரனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்பது எம்மவர் நம்பிக்கை. நான் சட்டத்தரணி அல்லன். காணிப் பிணக்குகளை நீண்டகாலம் செய்தியாக எழுதியவன், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கடதாசியின் முதல் இரண்டு வரிகளைப் படித்ததுமே சில வேளைகளில் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கடைசியாக நீட்டியவர் என் மைத்துனர். வட்டக்கச்சிப் பக்கம் நான்கு ஏக்கர் காணியைத் தரகர் ஒருவர் மூலம் வாங்கி, காசு முழுவதையும் கொடுத்து, வேலி அடைத்து, தென்னம்பிள்ளையும் நட்டுவிட்டார். கையிலிருந்தது உறுதி அன்று. முத்திரை ஒட்டிய ஒரு கைக்கடிதம். "எனது காணியை இன்னாருக்கு ஒப்படைக்கின்றேன்" என்ற வாசகம், இரண்டு சாட்சிகள், கூடவே பெர்மிற்றின் நிழற்பிரதி. விற்றவர் காலமானதும், பெர்மிற்றில் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டிருந்த மகன் வந்து படலையைப் பூட்டிவிட்டான். அவனைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. சட்டம் அவன் பக்கமே நின்றது.

வன்னியில் காணி வாங்க நினைப்பவர் மண்ணையும் கிணற்றையும் பார்ப்பதற்கு முன்னர், அது எந்த வகைக் காணி என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் முதுசமும் சீதனமுமாக உறுதிக் காணியையே கண்டு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றுவதில்லை. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்டவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட அரச காணிகள். பெர்மிற் வைத்திருப்பவர் அனுமதி பெற்றவரே தவிர உரிமையாளர் அல்லர். விற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அளிப்புப் பத்திரம் பெற்றவர் உரிமையாளர்தான். ஆயினும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்சம்மதம் இன்றி அவராலும் விற்க இயலாது. சம்மதத்தைப் பிறகு எடுத்துத் தருகிறோம் என்று தரகர் சொன்னால், அச்சாரமும் பிறகுதான் என்று சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

உறுதிக் காணியாக இருந்தாலும் கைக்கடிதம் செல்லாது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனைக்குப் பெறுமதி இல்லை என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே நாட்டுச் சட்டம். இவ்வளவு பழைய சட்டத்தை நாங்கள் இன்னமும் மறந்துபோகிறோம்.

உறுதிக் காணிக்கு வேறு சிக்கல்கள். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளையாவது தேட வேண்டும். தேசவழமையின் கீழ் மனைவி தன் ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. பங்குக் காணி என்றால் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அறிவித்தல் கொடாமல் எழுதிய உறுதியை அவர்கள் நீதிமன்றில் கேள்விக்குட்படுத்தலாம். வெளிநாட்டிலிருப்பவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தைக் காட்டி ஒருவர் விற்றால், கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் முடிந்துவிடுகிறது. வாங்குபவர் இலங்கைக் குடியுரிமையை இழந்தவராயின் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அந்தத் தடையில்லை. மார்கழி மழையில் ஒருமுறை காணியைப் போய்ப் பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வைகாசியில் மேட்டுக்காணி என்று காட்டப்பட்டது அப்போது குளத்து ஒதுக்காக இருக்கக் காணலாம்.

விற்பவர்களுக்கும், விற்காமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. கோராவிடில் அரச காணி. இடப்பெயர்வுகளில் பெட்டியோடு உறுதிகளைத் தொலைத்தவர்கள் தவித்த தவிப்பை நான் கண்டேன். யூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்தது என்பதற்காகப் பத்திரங்களின் பிரதிகளைப் பதிவகத்தில் எடுத்து வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இனி என் சொந்த அபிப்பிராயம். விற்பனைக் கட்டுப்பாட்டை அடியோடு நீக்கி, எல்லோருக்கும் அறுதி உரிமை கொடுத்துவிட்டால் இந்த மோசடிகள் ஒழியும் என்பவர்கள் உண்டு. 2024 இல் தொடங்கப்பட்ட 'உறுமய' திட்டமும் அந்தத் திசையிலேயே சென்றது. உரிமை கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2009 இன் பின் முகாம்களிலிருந்து வெறுங்கையோடு மீண்டவர்களை நினைக்கிறேன். நகையும் மாடும் உழவு இயந்திரமும் போன பிறகு, பல குடும்பங்களிடம் எஞ்சியிருந்தது விற்கமுடியாத அந்தக் காணிதான். ஒரு காலபோகம் பொய்த்தால், வெளிநாட்டுக் காசோடு படலையில் நிற்பவரிடம் "இல்லை" என்று சொல்ல ஒரு விதவைத் தாய்க்குச் சட்டத்தின் துணை வேண்டியிருக்கிறது. அந்தக் காசு பெரும்பாலும் எம்முடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மைத்துனர் பிரதேச செயலகத்தில் முறையிடுவேன் என்று துள்ளினார். முறையிட்டால் நிபந்தனை மீறப்பட்டதென்று பெர்மிற்றே இரத்தாகலாம். காணி உங்களுக்கும் வராது, அந்தப் பெடியனுக்கும் இராது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒன்றும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார். பெடியனைப் பரந்தனில் கண்டேன். தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடுகிறானாம்; காய்த்தால் மாமாவுக்குத் தேங்காய் அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டான்.