உயரம் எங்கிருந்து?

கண்டிக்குப் புகையிரதத்தில் சென்றவர் எவரும் கடுகண்ணாவைக் கணவாயை மறக்கமாட்டார். 1867ஆம் ஆண்டு முதல் வண்டிகள் இம்மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி வருகின்றன. மலைநாட்டு நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலே கடல் மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு என்று எழுதியிருப்பதைச் சிறுவர்கள் உரக்கப் படித்து மகிழ்வதுண்டு. கடுகண்ணாவையின் உயரம் ஏறக்குறைய 500 மீற்றர்.

இவ்வூரிலே மாணவன் ஒருவன் தொலைநோக்கியை நிறுத்தி, செய்மதிகளைக் கொண்டு இடமறியும் கருவியை இயக்கினான் என்று வைத்துக்கொள்வோம். சில கருவிகள் 500 மீற்றர் என்றே காட்டும். வேறு சில 400 என்று காட்டும். எது பொய்?

இரண்டுமே மெய்தான். செய்மதிக் கணக்கு, பூமியைத் துருவங்களிலே சற்றுத் தட்டையான, மேடுபள்ளமற்ற ஒரு வடிவமாகக் கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. கடல் மட்டமோ பூமியின் ஈர்ப்புக்கு அடங்கி அமைவது. இலங்கையைச் சூழ்ந்த பகுதியில் ஈர்ப்பு சற்றுக் குறைவாதலின், கடல் மட்டம் அக்கணித வடிவத்துக்கு ஏறக்குறைய 100 மீற்றர் கீழே அமைந்துள்ளது. உலகிலேயே இத்தகைய பெரும் பள்ளம் நமது தீவுக்குத் தெற்கேதான் உள்ளது. சில கருவிகள் இவ்வேறுபாட்டைத் திருத்திக் காட்டுகின்றன, சில திருத்துவதில்லை.

நூறு மீற்றரால் விண்மீனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரு சிறுகோள் நட்சத்திரத்தை மறைக்கும்போது அதன் நிழல் பூமியின்மீது ஓடுகிறது. பல ஊர்களிலிருந்து மறைப்பு நேரத்தைக் குறித்து, அச்சிறுகோளின் அளவையும் உருவத்தையும் அறிஞர் கணிக்கின்றனர். நட்சத்திரம் அடிவானுக்கு மேல் 30 பாகையில் நிற்குமாயின், உயரத்தில் 100 மீற்றர் பிழை, நிழலின் இடத்தை 173 மீற்றர் விலக்கிவிடும். சில கிலோமீற்றரே அகலமுள்ள சிறுகோளுக்கு இது சிறு பிழையன்று.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலே, கடல் மட்டத்துக்கு மேல் 725 மீற்றர் உயரத்தில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, அதற்கு முன்னரே அந்நட்சத்திரத்தின் ஒளி சட்டென மங்கியதை அங்குள்ள 102 சென்ரிமீற்றர் தொலைநோக்கி பதிந்தது. இந்து சமுத்திரத்தின்மேல் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் உயரத்தில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் பலமுறை இவ்வாறு ஒளி மங்கியதைக் கண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்பது அன்றுதான் புலனாயிற்று. மலையிலிருந்து ஒன்றும் வானத்திலிருந்து ஒன்றுமாகக் கிடைத்த குறிப்புகளை ஒப்பிட வேண்டுமானால், நேரத்தோடு இடமும் உயரமும் ஐயமறத் தெரிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

ஆகவே, வானை நோக்கும் மாணவர்களே! குறிப்பேட்டில் 'கடுகண்ணாவை, 500 மீற்றர்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது கடல் மட்டத்திலிருந்தா, கணித வடிவத்திலிருந்தா என்பதையும் அருகிலே எழுதுங்கள். பிழையான எண்ணையாவது பின்னர் ஒருவர் திருத்திவிடலாம். எங்கிருந்து அளந்தது என்று சொல்லாத எண்ணை, எழுதியவர் மறைந்த பின்னர் யாராலும் திருத்த இயலாது. அந்த ஒரு சொல்லை எழுத அரை நிமிடம் போதும்.