கம்ப்யூட்டருக்கு கலர் லைட் சரி, எர்த் எங்கே?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைக்காத சாமான் கிடையாது. பழைய கட்டில் முதல் புறா வரை அங்கே விலைக்கு வரும். பழைய கம்ப்யூட்டர் சாமான்களும் உண்டு. வாலிபர்கள் பேரம் பேசி அள்ளிக்கொண்டு போகிறார்கள். மீதியை மவுண்ட்ரோடு பக்கம் ரிச்சி தெருவில் வாங்கி, வீட்டிலேயே பூட்டிக் கொள்கிறார்கள்.

அப்புறம் என்ன? கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் ஜிகுஜிகு லைட்தான்! சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிகிறது.

"இதென்ன கல்யாண வீடா? வெட்டிச் செலவு" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். லைட் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடாது. உண்மைதான். ஆனால் ஆயுதபூஜைக்கு லாரிக்கு மாலை போடுகிறோமே, அதனால் லாரி வேகமாகவா ஓடுகிறது? தன் கையால் பூட்டிய மிஷினை ஒருவன் சிங்காரிப்பதில் தப்பே இல்லை.

நம் சண்டை லைட்டோடு அல்ல. லைட் மேல் இருக்கிற அக்கறை கரண்டு மேல் இல்லையே என்பதுதான்!

5 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

இந்த லைட்டில் இரண்டு ஜாதி உண்டு. எல்லா பல்பும் ஒரே கலரில் எரிகிற 4 பின் பட்டைக்கு 12 வோல்ட். ஒவ்வொரு பல்பும் தனித்தனி கலரில் ஓடுகிற 3 பின் பட்டைக்கு 5 வோல்ட். மாற்றிச் சொருகினால் 5 வோல்ட் பட்டை அங்கேயே காலி!

மீட்டருக்கு 60 பல்பு உள்ள 12 வோல்ட் பட்டை, முழு வெளிச்சத்தில் சுமார் 14 வாட் இழுக்கும். பல மதர்போர்டுகளில் லைட் சொருகும் இடம் தாங்குவது 3 ஆம்பியர்தான். இரண்டு மீட்டருக்கு மேல் ஆசைப்பட்டால் போர்டுக்கே ஆபத்து. போர்டு போனால் ஒரு குமாஸ்தாவின் பாதி சம்பளம் போச்சு!

தொட்டால் 'சுர்'

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்?

கம்ப்யூட்டர் பெட்டி தகரம். எர்த் இல்லாத வீட்டில் அதைத் தொட்டால் 'சுர்' என்று இருக்கும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையின் அமைப்பே அப்படி. 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, பெட்டியின் மேல் வந்து நிற்கும். அந்தக் கரண்டு கொஞ்சம்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் 'எர்த் இல்லை' என்று அடிக்கிற எச்சரிக்கை மணி அது!

நாளைக்கு உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால், முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வந்துவிடும். நல்ல எர்த் இருந்தால் ப்யூஸ் போய்விடும். இல்லாவிட்டால், ஈரக்கையோடு துடைக்க வரும் அம்மாவின் கதி என்ன?

இது தெரியாமல் பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை ஒடித்துவிட்டு, இரண்டு பின் பாயிண்டில் சொருகுகிறார்கள் சிலர். அந்தப் பெரிய பின்தான் சாமி எர்த்!

வீட்டுக்காரர்களே!

பழைய வாடகை வீடுகள் சிலவற்றில் சுவரில் மூன்று ஓட்டை இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. அட்வான்சை எண்ணி வாங்குகிற வீட்டுக்காரர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிடக் கூடாதா? கசிவு இருந்தால் கரண்டைக் கட் செய்யும் ஆர்.சி.சி.பி. கருவியும் மாட்டிவிட்டால் குடியிருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

கடைக்காரர்களும் லைட் கேட்டு வருகிற பையனிடம் "பவர் சப்ளை நல்லதா? வீட்டில் எர்த் இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்கலாம். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

தம்பிகளே, முதலில் எர்த். அடுத்தது நல்ல பவர் சப்ளை. காசு மிச்சம் இருந்தால் லைட். இந்த வரிசையில் வாங்கினால், பெட்டியும் ஜொலிக்கும், வீடும் பத்திரமாக இருக்கும். செய்வார்களா?