பழி முதற்பக்கத்தில், திருத்தம் மூலையிலா?

தெரணியகலைப் பகுதியில் உள்ள இறப்பர்த் தோட்டம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளி ஒருவர். தோட்டத்துச் சங்கத்தின் தலைவரும் அவரே. ஒருநாட் காலை, அவிசாவளை வழியாக வரும் பஸ் வண்டியில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்குகிறது. தொழிலாளரின் சந்தாப் பணத்தை அவர் கையாடிவிட்டார் என்று முதற்பக்கத்தில், அவருடைய பெயரோடு, செய்தி! கடைத்தெருவில் ஒருவர் படிக்கிறார்; பத்துப்பேர் கேட்கிறார்கள்; பொழுது சாய்வதற்குள் லயங்கள்தோறும் அது பரவிவிடுகிறது. செய்தியோ முழுப்பொய். ஆனால் அதைப் பொய்யென்று அவர் யாரிடம் சொல்வார்? எந்த மொழியில் எழுதுவார்? எழுதினாலும் அச்சிடுவார் யார்?

இது நாம் கற்பித்துக் கூறும் நிகழ்ச்சி. ஆனால் குருநாகலில் நடந்தது கற்பனையன்று. 2019-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், ‘திவயின’ நாளிதழ், மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையின்போது கருத்தடை செய்துவிட்டார் என்று முதற்பக்கத்தில் எழுதிற்று. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த வேளை அது. அச்சமும் ஐயமும் நாடெங்கும் பரவிக்கிடந்த அந்நாளில் இச்செய்தி வைக்கோற்போரில் வீழ்ந்த நெருப்பாயிற்று. அடுத்த நாளே டாக்டர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். இரண்டு மாதம் கழித்தே பிணையில் வெளிவந்தார். குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லையென்று குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்திற்கு அறிவித்தது. 2022-ஆம் ஆண்டில் தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அவர், மருந்துத் தட்டுப்பாட்டால் நாடு தவித்தபோது, மருந்து வாங்குவதற்கென்றே அளித்துவிட்டார்.

அவரது பெருந்தன்மையைப் போற்றுகிறோம். ஆயினும் நாம் கேட்பது வேறு. கல்வியும் பதவியும் படைத்த மருத்துவர் ஒருவருக்கே இக்கதியென்றால், தெரணியகலைத் தொழிலாளியின் கதி யாது?

இந்நாட்டுச் சட்டம் அவருக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

முன்னாளில் சிறைவழி ஒன்று இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின்படி அவதூறு குற்றமாயிருந்தது. ஆனால் அவ்வாயுதத்தை எடுத்தவர்கள் யார்? ஏழைத் தொழிலாளர்களா? ‘சண்டே டைம்ஸ்’ ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க 1997-ஆம் ஆண்டு மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டது, நாட்டின் ஜனாதிபதியைப்பற்றி வெளியான ஒரு குறிப்புக்காக! சிறைச்சட்டம் வலியவருக்குக் கேடயமாயிற்றேயன்றி எளியவருக்கு நிழலாகவில்லை. 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாராளுமன்றம் அதனை நீக்கியது. அது நீங்கியது நன்றே. அது திரும்பி வருவதை நாம் ஒருபோதும் வரவேற்கமாட்டோம்.

அடுத்தது பணவழி. மாவட்ட நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குத் தொடுத்து நட்டஈடு கேட்கலாம். கோடீசுவரர்களுக்கு இது பொருந்தும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமும், தவணை தவணையாக ஏறி இறங்கப் பல ஆண்டுப் பொறுமையும் நாட்கூலிக்காரரிடம் ஏது? ஒருநாள் நீதிமன்றம் சென்றால் ஒருநாட் பேர் போய்விடும். பத்தாண்டு கழித்துத் தீர்ப்பு வந்தாலுங்கூட, இடையில் அவருடைய பிள்ளைகள் ‘திருடன் மக்கள்’ என்ற பெயரைச் சுமந்து வளர்ந்துவிட்டிருப்பார்கள். அவர் கேட்பது பணமன்று, பெயர். பறிபோனது எதுவோ அதையே திருப்பிக் கொடுப்பதுதான் நீதி.

மூன்றாவது, திருத்தவழி. இதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, 1973-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பத்திரிகைப் பேரவை. திருத்தம் வெளியிடவும் மன்னிப்புக் கேட்கவும் பத்திரிகைகளைப் பணிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் அதன் உறுப்பினரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சரவை நடவடிக்கைகளை வெளியிடுவதைக் குற்றமாக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு கையில் மருந்தும் மறுகையில் விலங்கும் வைத்திருக்கும் வைத்தியரிடம் யார் நம்பிக்கையோடு செல்வார்?

மற்றொன்று, 2003-ஆம் ஆண்டு பத்திரிகைத் துறையினர் தாமே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. தவறு கண்டவிடத்து விரைவாகவும் உரிய முக்கியத்துவத்தோடும் திருத்த வேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறி. நல்ல நெறியே. ஆனால் அது இதழ்களின் இசைவைக் கொண்டே இயங்குவது. இசையாதவரை என் செய்வது?

2024-ஆம் ஆண்டில் நான்காவதாக ஒன்று வந்தது. அதுதான் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய் என்று தீர்மானித்து, 24 மணி நேரத்திற்குள் அதனை நீக்கும்படி பணிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு அது வகுத்தது. கூடவே சிறைத்தண்டனையும் வைத்தது. வாசலால் வெளியேற்றிய சிறையைச் சாளரத்தால் உள்ளே அழைத்ததன்றி இது வேறென்ன?

அப்படியாயின் வேறு வழியே இல்லையா? உண்டு. அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை.

நமது நாட்டின் மானநஷ்டச் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்தது. பழைய உரோம டச்சு முறையில், பழி கூறியவன் அதனைத் திரும்பப் பெற்று, மன்னிப்புக் கோருவதே ஒரு பரிகாரமாக இருந்தது. காலப்போக்கில் பணம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே சட்டமரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம், 2011-ஆம் ஆண்டு, பள்ளித் துணை அதிபர் ஒருவரைக் கேலிப்படமாக்கிய மாணவர் மூவரின் வழக்கில், நட்டஈட்டோடு மன்னிப்பும் கேட்கும்படி கட்டளையிட்டது. மறக்கப்பட்ட நீதி அங்கே மீண்டும் உயிர்பெற்றது. ஒரே வேரில் கிளைத்த நமது நீதிமன்றங்களில் அது ஏன் துளிர்க்கக்கூடாது?

பிரான்ஸ் நாட்டைப் பாருங்கள். 1881-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, ஒரு நாளிதழ் எவரையேனும் பெயர் சுட்டி எழுதினால், அவர் அனுப்பும் மறுப்பை மூன்று நாட்களுக்குள், அதே இடத்தில், அதே எழுத்தில், இலவசமாக வெளியிட வேண்டும். இதனால் அங்கே பத்திரிகைச் சுதந்திரம் மாண்டுவிட்டதா? இங்கிலாந்திலோ, 1996-ஆம் ஆண்டின் சட்டம், அறியாமற் பிழைசெய்த இதழ் திருத்தமும் மன்னிப்பும் வெளியிட்டு ஈடு செய்ய முன்வருமாயின், அதனையே வழக்கில் ஓர் எதிர்வாதமாக ஏற்கிறது. தவறை ஒப்புக்கொள்பவருக்கு அங்கே சட்டமே துணை நிற்கிறது.

ஆசிரியர் விரும்பாததை அச்சிடும்படி கட்டாயப்படுத்துவது சுதந்திரத்திற்கு மாறானது என்று வாதிடுவோரும் உளர். 1974-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், புளோரிடா மாநிலத்தின் மறுப்புரிமைச் சட்டத்தை இக்காரணத்தால் செல்லாதென்றது. அவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பத்திரிகை நடத்தும் நமக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் அந்த வழக்கில் மறுப்புக் கேட்டவர் தேர்தலில் நின்ற ஓர் அரசியல்வாதி. மேடையுள்ளவருக்கு மறுமொழி கூற மேடையுண்டு. மேடையற்ற தோட்டத் தொழிலாளிக்கு, பழிவந்த அந்தப் பக்கத்தைத் தவிர வேறு மேடை ஏது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். பொய்யான செய்தியால் பெயர் கெட்ட எவரும், தமிழில் எழுதிய ஒரு கடிதத்தை அஞ்சலில் அனுப்பித் திருத்தம் கேட்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற வேண்டும். நாளிதழாயின் மூன்று நாளிலும், வார இதழாயின் அடுத்த இதழிலும், பழிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதே மொழியில் அத்திருத்தம் வெளிவர வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் இதற்கு விலக்காகா. தாமாகவே திருத்திய இதழுக்கு நட்டஈட்டில் சலுகை வேண்டும். மறுத்தால், செலவின்றி விரைவில் விசாரித்துக் கட்டளையிடுவது நீதிபதியின் பொறுப்பாக வேண்டும். அமைச்சரும் அவர் நியமிக்கும் குழுவும் அதில் தலையிடலாகாது. இவ்வுரிமை செய்திக்கே உரியது, கருத்துக்கு அன்று. தனிமனிதருக்கே உரியது, அரசாங்கத்துக்கு அன்று. கண்டனத்தை அடக்க இதனைக் கருவியாக்க எவருக்கும் இடங்கொடுத்தல் கூடாது.

சக பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறைச்சட்டம் ஒழிய வேண்டுமென்று நாம் குரலெழுப்பியபோது, நம்மை நாமே திருத்திக்கொள்வோம் என்று நாட்டுக்கு வாக்களித்தோம். அவ்வாக்கைக் காப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாலு பத்தித் தலைப்பில் பழியையும், உட்பக்கத்து விளம்பரத்தின் அடியில் நாலு வரித் திருத்தத்தையும் போடுவது திருத்தமாகாது. அது இரண்டாவது அவமதிப்பு. இச்சட்டம் வருமாயின் முதலில் எம்மையே கட்டுப்படுத்தட்டும்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையென்பர். உண்மைதான். ஆனால் பத்திரிகை ஊர்வாயன்று. அது பெயரும் முகவரியும் உடைய வாய். தான் கெடுத்த பெயரைத் தானே திருத்திக்கொடுக்க அதனால் முடியும். அந்தத் தொழிலாளி மறுநாட் காலை பால்வாளியோடு மலையேறும்போது தலைநிமிர்ந்து செல்ல வேண்டும். அதற்கு உதவாத சட்டம், எத்தனை பிரிவுகள் கொண்டதாயினும், சட்டமன்று, வெறும் காகிதமே!