நாங்களே தூர்த்த குழிகள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடிக்குக் கூட்டிப்போய், கடலுக்குள் கைநீட்டி, "அதுதான் கடற்கோட்டை" என்று காட்டுவோம். அவர்களும் படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் நிற்கிற அதே கரையில், பற்றைக்குள் கிடக்கும் உருண்டிக் கோட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அங்கே கூட்டிப்போனால் காலடியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

இரண்டையும் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். கடலேரிக்குள் நுழையும் வழியைக் காவல் காக்கக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது கடற்கோட்டைக்குள் இருந்தவர்கள் குடிதண்ணீர் இல்லாமல் பணிந்தார்கள். அந்தக் கோட்டை பிறகு சிறைச்சாலையானது. 1971இல் ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்த அறை என்று இன்றும் ஓர் அறையைக் காட்டுகிறார்கள். இப்போது அது கடற்படையின் சுற்றுலா விடுதி. கடற்படை வைத்திருக்கிறதே என்று மனம் புழுங்குவோம். சரி, எங்கள் கரையில் இருக்கிற கோட்டையை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம்? முருகைக்கல் சுவர்கள் ஆங்காங்கே நிற்கின்றன. ஆட்டுப் புழுக்கையும் நசுங்கிய பியர் ரின்களும் கிடக்கின்றன. மதில் இவ்வளவு குறைந்ததற்கு மழை மட்டும்தான் காரணம் என்று ஊரில் ஒருவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். நெடுந்தீவில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கிற கோட்டைக்கும் இதே கதிதான்.

"பறங்கி கட்டினது, எங்களுக்கென்ன?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். கொடி பறங்கியுடையதுதான். கடலுக்குள் இறங்கி முருகைக்கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், தலையில் சுமந்தவர் யார்? பின்வந்த ஒல்லாந்தர் காலத்திலும் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அந்தக் கைகள் எங்கள் ஊர்க் கைகள். அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட நாங்கள் தேடிப் பார்க்கவில்லை.

போகட்டும், அது முந்நூற்றைம்பது வருடக் கதை. எங்கள் கையாலேயே கட்டிய அரண்களை என்ன செய்தோம்?

1990இல் காரைநகர்க் கடற்படை முகாமிலிருந்து ஷெல் வரத் தொடங்கியபோது தீவுப்பகுதியில் பங்கர் இல்லாத வளவு அரிது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டலாம். இங்கே நாலு வெட்டு வெட்டினால் கல், அதையும் அலவாங்கால் குத்திப் பெயர்த்தால் மாரியில் தண்ணீர் ஊறும். அதனால் பாதி குழி, பாதி மேடு. இடுப்பளவு தோண்டி, சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, மேலே பனங்குற்றி பரப்பி, அதன்மேல் மறுபடி மண் கொட்டினோம். வாசலை 'எல்' மாதிரி வளைத்து வைத்தோம். நேர்வாசல் என்றால் சன்னம் நேரே உள்ளே வரும். மூட்டைக்கு உரப்பை. யூரியாப் பை வெயிலில் சில மாதத்தில் பொரிந்து தூளாகும், உள்ளே இருக்கிற கடல்மண் பொலபொலவென்று கொட்டும். பிறகு சாக்கூசியோடு பெண்கள் உட்கார்ந்து புதுப்பை தைப்பார்கள். இந்த வேலையை எந்தப் பொறியியலாளரும் வந்து சொல்லித்தரவில்லை. அயல் வளவில் பார்த்து, பிழை பிடித்து, திருத்திக் கட்டினோம். போருக்காக வடக்கில் விழுந்த பனைகள் லட்சக்கணக்கில் என்பார்கள். அவற்றில் கொஞ்சம் எங்கள் கூரையாகவும் கிடந்தன.

அந்த வருடமும் அடுத்த வருடமும் இராணுவம் தீவுகளைப் பிடித்தது. நாங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் சிதறினோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்கள் முதலில் வளவு துப்புரவாக்கினார்கள். பனங்குற்றி அடுப்புக்குப் போனது. குழிக்குள் ஓட்டு உடைசலும் பொலித்தீனும் கொட்டி மூடி, சிலர் மேலே வாழை வைத்தார்கள். பாம்பு புகும், பிள்ளைகள் விழுவார்கள், நினைத்தாலே நெஞ்சு பதறும் என்று காரணம் சொன்னோம். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு கிராமத்துக்கு ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம். அதுவும் முடியாவிட்டால் அளந்து, படம் வரைந்து, கட்டியவர் பெயரை எழுதி வைத்திருக்கலாம்.

அரசு விட்டிருக்காது என்று சொல்வது எங்களுக்குக் கைவந்த பதில். அதிலும் நியாயம் இருக்கிறது. சாட்டி மாவீரர் துயிலும் இல்லம் சிதைக்கப்பட்டதை வேலணையில் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் எங்கள் கிணற்றடிப் பங்கரைத் தூர்க்கச் சொல்லி எந்தச் சிப்பாயும் படலை தட்டவில்லை. 1992 ஆகஸ்ட் 8இல் அராலி முனையில் கண்ணிவெடியில் இராணுவ ஜெனரல் கொப்பேகடுவ இறந்தார். அந்த இடத்தில் இராணுவத்தினர் ஒரு நினைவிடம் கட்டினார்கள். அது அவர்களின் நினைவு, அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். இந்தத் தீவில் போர் நடந்தது என்று கல்லில் எழுதியிருப்பதை வாசிக்க வருகிற ஒருவன், இங்கே சனம் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டால் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

மண்ணால் கட்டியது எப்படி நிலைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே என்ற ஊரில், இசர் ஆற்றங்கரையில், முதலாம் உலகப் போரின் பதுங்குகுழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சாக்கு உக்கும் என்று தெரிந்து, போர் முடிந்த சில வருடங்களுக்குள் மண்மூட்டைகளின் இடத்தில் சீமெந்து நிரப்பிய மூட்டைகளை அதே அடுக்கில் வைத்தார்கள். பக்கத்து நாடுகளில் வாழ்கிற எங்கள் பிள்ளைகள் அங்கே போய் நின்று படம் எடுத்து வட்சப்பில் அனுப்புகிறார்கள். நல்ல படங்கள். "உங்கட அம்மம்மாவும் இப்படி ஒன்றுக்குள்ளதான் கிடந்தவா" என்று யாராவது பதில் போட்டோமா? கைகூப்பிய பொம்மை ஒன்றைப் போட்டதோடு விட்டுவிட்டோம்.

காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. கோபுரத்துக்கு, தேருக்கு, ஊர் வாசல் வளைவுக்கு, பழைய மாணவர் விருந்துக்கு எல்லாம் சேர்கிறது. அந்த வளைவு ஒன்றுக்குப் போகிற சீமெந்தில் ஒரு பங்கரைப் பழைய அளவிலேயே கட்டி முடிக்கலாம்.

அன்று முப்பது வயதில் அலவாங்கு பிடித்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது. எத்தனை குற்றி, வாசல் எந்தப் பக்கம், ஷெல் கூவினால் யார் முதலில் ஓடி உள்ளே போவது, எல்லாம் இன்னும் ஞாபகமாகச் சொல்வார்கள். ஒரு போனில் பதிவுசெய்ய அரை மணித்தியாலம் போதும். உருண்டிக் கோட்டையைத் துப்புரவாக்கித் தமிழில் ஒரு பலகை வைக்க அனுமதி கேட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத ஒரு பக்கம் போதும். அதில் தலைவராக யார் ஒப்பமிடுவது என்று எங்கள் சங்கங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.